மேட்டுக் கால், பள்ளக் கால்

எங்கள் ஊரில் இடுப்பு வலி என்று சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கரடியூரில் நாற்பதைத் தாண்டிய பெண்களில் இடுப்பு வலிக்காதவளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சரிவில் ஏறி, சரிவில் இறங்கி, சரிவிலேயே நின்று வேலை பார்க்கிறவர்கள் நாங்கள். அதனால் எனக்கு வலி வந்தபோது நானும் அதை மதிக்கவில்லை. தைலம் தேய்த்தேன், வெந்நீர் ஊற்றினேன், ஏற்காடு பஜாரில் மாத்திரை வாங்கிப் போட்டேன். வந்த வலி தானாகப் போகும் என்று இருந்தேன். போகவில்லை.

இப்போது காப்பி பூத்து முடிந்து காட்டில் வேலை குறைவாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஆத்தூர் அம்மா போன வாரம் போன் செய்தார். "உனக்கு என்னென்ன பண்ணுனாங்கன்னு வெவரமா எழுதி அனுப்பு சாந்தா. என் மவளுக்கும் அதே எடத்துல வலிக்குதாம்" என்றார். பன்னிரண்டாவது வரை படித்தவள்தானே என்று உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்துவிட்டேன் என்று சுலபமாக எழுதுகிறேன். போன வருஷம் இந்த நேரத்தில் ஒரு தம்ளர் காப்பி குடிக்கிற நேரம்கூட என்னால் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது.

வலி இருந்த இடம் வலது பக்கம், இடுப்புக்குக் கீழே, முதுகில் சின்னதாகக் குழி விழுமே, அங்கே. உட்கார்ந்தால் வலிக்கும். உட்கார்ந்து எழுந்தால் அதைவிட வலிக்கும். படுக்கையில் புரண்டால் யாரோ உள்ளே கம்பியை வைத்து நெம்புகிற மாதிரி இருக்கும். பஸ் படியில் வலது காலை வைத்து ஏற முடியாது. நடந்தால் மட்டும் கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். "நடக்கறா, சிரிக்கறா, வலின்னு சொல்றா" என்று உறவில் ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். அவளுக்கு நல்ல சாவு வரக்கூடாது என்று அப்போது நினைத்தேன். இப்போது அவளுக்கும் இடுப்பு வலி. பாவம்.

எங்களுக்கு இருப்பது சரிவான காப்பிக் காடு, நடுவில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. எங்கள் காட்டை ஒட்டியே ராமாயி அக்காவின் காடு. அக்கா என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. அண்ணன் மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்த பிறகு அக்கா தனி ஆள். குழந்தை இல்லை. என் மகளை அவள்தான் வளர்த்தாள் என்று சொன்னால் மிகையில்லை. மகள் கல்யாணமாகி ஓசூர் போனபோது என்னைவிட அக்காதான் அதிகம் அழுதாள். இரண்டு காட்டுக்கும் நாங்கள் ஆள் வைப்பதில்லை. பழம் சிவந்ததும் நானும் அக்காவும் சேர்ந்து இறங்குவோம். ஒரு நாள் அவள் காடு, மறுநாள் என் காடு. காலையில் இறங்கினால் பேச்சும் சிரிப்பும் ஊர்க்கதையுமாக சாயங்காலம் வரை போகும். எனக்கு வருஷத்தில் பிடித்த காலம் அதுதான்.

பறிப்பு எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காப்பிச் செடிகள் சரிவின் குறுக்கே வரிவரியாக நிற்கும். இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு ஒரு வரியில் பறித்துக்கொண்டே போவோம். கடைசிவரை போய், அடுத்த வரியில் பறித்துக்கொண்டே திரும்புவோம். போகும்போது மலை வலது கைப் பக்கம் இருக்கும். வலது கால் மேட்டில் மடங்கி நிற்கும், இடது கால் பள்ளத்தில் நேராக நின்று பாரத்தைத் தாங்கும். திரும்பும்போது எல்லாம் மாறிவிடும். மேட்டுக் கால் பள்ளக் காலாகிவிடும். போனதற்கும் வந்ததற்கும் சரியாகிவிடும்.

எனக்கு வலி வந்த வருஷம், திரும்புகிற வரியில் வலது கால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் நான் பல்லைக் கடிப்பதை அக்கா பார்த்துவிட்டாள். அன்றைக்கே ஏற்பாட்டை மாற்றினாள்.

"ஏங்கண்ணு, நீ போற வரியோட நின்னுக்க. திரும்பற வரியெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"உங்களுக்கு வேலை ஜாஸ்தியாயிருமுங்கக்கா."

"ஆனா ஆவுது. நீ அந்தக் கால ஊனாத. அதுக்கு ஓய்வு குடு."

அப்படியே நடந்தது. நான் போகிற வரியில் மட்டும் பறிப்பேன். கடைசியில் போய்ச் சேர்ந்ததும் மேலே இருக்கிற வண்டித்தடத்தில் வெறுமனே நடந்து வந்து மறுபடி அடுத்த வரியைப் பிடிப்பேன். அக்கா எதிர்ப்பக்கமிருந்து பறித்துக்கொண்டு வருவாள். நடுவில் சந்திக்கும்போது என் பையிலிருந்து பாதியை அவள் பைக்கு மாற்றிக்கொள்வாள். இரண்டு பறிப்புக் காலம் இப்படியே போனது. வேலைக்கு நடுவில் வலி கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. அக்காவின் தயவால்தான் நான் நடமாடுகிறேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வருஷம் ஐப்பசி மழையில், வீட்டுப் படியில் இறங்கும்போது வலது கால் மடங்கிக்கொண்டது. வழுக்கவில்லை, தடுக்கவும் இல்லை. கால் இருக்கிறது என்று நம்பி ஊன்றினேன், அங்கே கால் இல்லை. அவ்வளவுதான். படியில் உட்கார்ந்த வாக்கில் எழ முடியாமல் கிடந்தேன். வலியைவிட பயம்தான் பெரிதாக இருந்தது. எங்கள் ஊரில் முதுகில் ஆபரேஷன் செய்துகொண்டு போய், பிறகு கட்டிலைவிட்டு இறங்காமலே முடிந்துபோனவர் ஒருவர் உண்டு. அவர் முகம்தான் கண்ணுக்குள் வந்தது.

என் வீட்டுக்காரர் முருகேசன் அதிகம் பேசாதவர். மறுநாள் காலையில் என்னை சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் உட்கார முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பாரம் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறும். வலது காலுக்கு வரும்போதெல்லாம் அவர் என் முழங்கையைத் தாங்கிப் பிடிப்பார். இடம் இருக்கிறதே, உட்காரம்மா என்று கண்டக்டர் சொல்லிக்கொண்டே வந்தார். வேண்டாம் என்றேன். அடிவாரம் வந்ததும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக் காத்திருப்பும் அப்படித்தான். அங்கே இரும்பு நாற்காலி. உட்கார்ந்தால் உயிர் போகும். நின்றுகொண்டே இருந்தேன். முந்திக்கொண்டு உள்ளே போகப் பார்க்கிறேன் என்று எனக்கு முன்னால் டோக்கன் வாங்கியவர்கள் எல்லாரும் முறைத்தார்கள். நர்ஸம்மா இரண்டு தடவை வந்து உட்காரச் சொன்னார். உட்காரத்தான் முடியவில்லை என்று வந்திருக்கிறேன் என்று சொல்லத் தொடங்கி, சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

முதலில் சிறுநீரகக் கல் என்று ஒரு ஸ்கேன். கல் இல்லை. கர்ப்பப்பையில் ஏதாவதா என்று இன்னொன்று. அங்கும் ஒன்றும் இல்லை. முதுகுத் தண்டைப் பார்க்க, குழாய் மாதிரி இருக்கிற மெஷினுக்குள் படுக்கவைத்து எடுக்கிற எம்.ஆர்.ஐ. உள்ளே தகரத்தைத் தட்டுகிற சத்தம். அசையக்கூடாது என்றார்கள். அசைந்தால்தானே வலிக்கும், அதனால் அது ஒன்றுதான் எனக்குச் சுலபமாக இருந்த பரிசோதனை. தண்டுவடத்தில் குறை ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. எல்லாரும் சந்தோஷப்படுகிற ரிப்போர்ட் அது. என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. எதிலும் ஒன்றுமில்லை என்றால் நான் நடிக்கிறேன் என்றுதானே அர்த்தம். வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தேன். "நீ எதுக்குப் புள்ள பயப்படற, வலி இருக்குதுன்னா இருக்குது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் அதற்கு முன்னால் பேசாமல் இருந்த நாட்களையெல்லாம் மன்னித்துவிட்டேன்.

எலும்பு டாக்டர் வந்து, எங்கே வலிக்கிறது என்று ஒரே விரலால் காட்டச் சொன்னார். காட்டினேன். கையை எடுக்கச் சொல்லிவிட்டு மறுபடி காட்டச் சொன்னார். அதே இடம். பிறகு படுக்கவைத்து, முழங்காலை மடக்கித் தொடை வழியாக அழுத்தினார். காலைக் குறுக்கே போட்டு அழுத்தினார். இடது பக்கம் ஒன்றும் இல்லை. வலது பக்கம் நான் கத்தியதில் திரைக்கு அந்தப் பக்கம் இருந்த குழந்தை விழித்துக்கொண்டது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். முதுகெலும்பு கீழே வந்து முடிகிற இடத்தில் முக்கோணமாக ஓர் எலும்பு இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் இடுப்பெலும்பு வந்து சேர்கிறது. சேர்கிற அந்த இடத்துக்கு சேக்ரோஇலியாக் மூட்டு என்று பெயர். முழங்கால் மாதிரி மடங்குகிற மூட்டு இல்லை. கொஞ்சமே கொஞ்சம் அசையும். உடம்பின் பாரம் கால்களுக்கு இறங்குவது அதன் வழியாகத்தான். அதைச் சுற்றியிருக்கிற தசைகள் இறுக்கிப் பிடித்தால் அது சத்தமில்லாமல் வேலை செய்யும். பிடி தளர்ந்தால் வலிக்கும். வாதத்தாலும் அந்த மூட்டு வீங்கலாம் என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அது இல்லை. பிறகு எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே அந்த மூட்டுக்குள் ஊசி போட்டார்கள். மரத்துப்போகிற மருந்தும் வீக்கத்தைக் குறைக்கிற மருந்தும் அதில் உண்டு. ஊசிக்குப் பிறகு வலி குறைந்தால், குற்றவாளி அந்த மூட்டுதான் என்று உறுதி. குறைந்தது. எனக்கு நிம்மதியில் தூக்கம் வந்தது.

என்னைச் சில நாட்கள் அங்கேயே படுக்கவைத்தார்கள். அக்கா வந்தாள். அவள் பஸ்ஸில் ஏறினால் வளைவுக்கு வளைவு வாந்தி எடுப்பவள். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி, முகம் வெளுத்துப்போய், தூக்குச் சட்டியில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்புமாக வந்து நின்றாள். என் கட்டிலுக்கு அடியில்தான் படுத்தாள். என் வலது முழங்காலுக்குக் கீழே அவளுடைய புடவையை மடித்துத் தலையணை மாதிரி வைத்துவிடுவாள். நர்ஸம்மா காலையில் வந்து எடுத்துவிடுவார். அவர் அந்தப் பக்கம் போனதும் அக்கா மறுபடி வைத்துவிடுவாள். ஆத்தூர் அம்மா இதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார். "அக்காளுக்குத் தங்கச்சி மேல நொம்பப் பாசம்" என்று வருகிறவர்களிடம் சொல்வார். ஓரகத்திகள் என்று சொன்னால் நம்பமாட்டார்.

அக்கா ஊருக்குத் திரும்பிய மறுநாள்தான் என்னை பிசியோதெரபி அறைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே யாஸ்மின் என்று ஒரு பெண். அப்பா ஏற்காடு பஜாரில் கடை வைத்திருக்கிறாராம். நான் கரடியூர் என்றதும் அவளுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு இருந்த ஒரே கேள்வியை அவளிடம் கேட்டேன். தை மாதப் பறிப்புக்குள் நான் காட்டில் இறங்க முடியுமா. நான் இறங்காவிட்டால் அக்கா ஒருத்தியால் இரண்டு காட்டையும் பறிக்க முடியாது. பழத்தைப் பறிக்காமலே மரத்தோடு வியாபாரிக்கு விற்றுவிட்டு அவள் எஸ்டேட்டுக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான். எங்கள் இருவருக்கும் என்று இருந்த ஒரு காலம் அதோடு முடிந்துபோகும்.

"ரெண்டு காலையும் பாத்துட்டுச் சொல்றேம்மா" என்றாள் யாஸ்மின்.

மல்லாக்கப் படுத்து, முழங்காலை மடக்காமல் இடது காலை ஒரு சாண் தூக்கச் சொன்னாள். தூக்கினேன். வலது காலைத் தூக்கச் சொன்னாள். ஈரக் கோணியைத் தூக்குவது மாதிரி இருந்தது. பாதம் படுக்கையைவிட்டுக் கிளம்பவே இல்லை. என் கால் போய்விட்டது என்று நினைத்தேன். அவள் பதறவில்லை. என் இடுப்பெலும்பை இரண்டு பக்கமும் இரண்டு கையால் இறுக்கிப் பிடித்து அழுத்திக்கொண்டு, "இப்பத் தூக்குங்க" என்றாள். கால் எழுந்தது. லேசாக, என்னுடைய கால் மாதிரியே எழுந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நரம்பு போகவில்லை, பிடிமானம் தளர்ந்ததால்தான் கால் கனக்கிறது என்பதை இது காட்டுகிறது என்று சொன்னாள்.

அத்தோடு விடவில்லை. வலிக்குப் பயந்து கால் பின்வாங்குவது ஒன்று, தசையே வலுவிழந்து போவது இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றாள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல் காலைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்லி உள்ளங்கையால் அழுத்தினாள். இடது கால் அவள் கையை எதிர்த்து நின்றது. வலது கால் அப்படியே விழுந்தது, அப்போது வலியும் இல்லை. கண்ணாடி முன்னால் ஒற்றைக் காலில் நிற்கவைத்தாள். வலது காலில் நின்றபோது என் இடுப்பு ஒரு பக்கமாகச் சரிந்ததை நானே பார்த்தேன். டேப்பால் தொடையை அளந்தாள். வலது தொடை இளைத்திருந்தது. கடைசியில் இரண்டு எடை மெஷின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு காலாக வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சமமாக நிற்கச் சொன்னாள். சமமாகத்தான் நின்றேன், சத்தியமாக. கண்ணைத் திறந்து பார்த்தால் பாரம் முழுக்க இடது பக்கம். சந்தையில் எடைக்கல்லை மாற்றி ஏமாற்றுகிறவனைப் பார்ப்பது மாதிரி, கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"வலி வந்த கால் கொஞ்சம் இளைக்கும். ஆனா இது நொம்ப அதிகமா இருக்குதும்மா" என்றாள் யாஸ்மின். "நீங்க வேலை செய்யறப்ப எப்படி நிப்பீங்க? அப்படியே நின்னு காட்டுங்க."

ஒரு மரப்பலகையை எடுத்துப் போட்டு, அதன்மேல் வலது காலை மடக்கி வைத்து, இடது கால் தரையில் நிற்கப் பறிக்கிற மாதிரி காட்டினேன்.

"திரும்பறப்ப?"

"திரும்பற வரி எனக்குக் கெடையாதுங்க. எங்கக்கா பாத்துக்குவாங்க" என்று பெருமையாகச் சொன்னேன். ரெண்டு வருஷமாக அக்கா என் வலது காலைப் பள்ளத்தில் இறங்கவே விட்டதில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு அடியில் புடவை வைத்தது வரைக்கும் சொன்னேன்.

யாஸ்மின் பலகையை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, என் மனம் நோகாத மாதிரி சொல்ல முயன்றாள். முதலில் வந்த வலி சின்ன வலியாகத்தான் இருந்திருக்கும். சில வாரம் ஓய்வு கொடுத்துவிட்டு அந்தக் காலை மறுபடி ஊன்றியிருந்தால் தானாகத் தேறியிருக்கும். இரண்டு பறிப்புக் காலம் ஒரே பக்கமாக நின்றதில், வலது பக்கத்துப் பிட்டத் தசையும் தொடைத் தசையும் வேலையை மறந்துவிட்டன. மூட்டைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால்தான் படியில் கால் மடங்கியது.

"உங்கக்கா நல்லதுன்னு நெனச்சுத்தாம்மா செஞ்சிருக்காங்க" என்றாள்.

அதுதான் எனக்கும் தெரியுமே. அந்த அறையில் நான் அழுதது காலுக்காக இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் வீட்டுக்காரர் என் முழங்கையைத் தாங்கிப் பிடித்தபடியே வந்தார். மேலே குளிர் ஏறத் தொடங்கிய இடத்தில், "அண்ணிகிட்டச் சொல்லாத புள்ள" என்றார்.

"சொல்லலைங்க."

"தாங்க மாட்டாங்க."

"சொல்லலைன்னு சொல்றனல்ல."

வீட்டில் பயிற்சி தொடங்கியது. படுத்து இடுப்பைத் தூக்குவது, ஒருக்களித்துக் காலை உயர்த்துவது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது காலில் மட்டும் நிற்பது. வீட்டுக்காரர் ஒரு எடை மெஷின் வாங்கிவந்து, அதே உயரத்துக்கு ஒரு பலகையைச் செதுக்கிப் பக்கத்தில் வைத்தார். பல் துலக்குவதுகூட அதன்மேல் நின்றுதான். முள் எங்கே நிற்கிறது என்று அவர் குனிந்து பார்த்துச் சொல்வார். வலது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் ஏறியது. வலி இல்லாமல் இல்லை. எந்த வலி வரை போகலாம், எதில் நிறுத்த வேண்டும் என்று யாஸ்மின் சொல்லியிருந்தாள். மறுநாள் காலை வரை நீடிக்கிற வலி என்றால் அதிகம் செய்துவிட்டோம் என்று அர்த்தம்.

அக்காவுக்கு இதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நான் வலது காலில் நிற்கும்போதெல்லாம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவாள்.

"அந்தக் கால ஏங்கண்ணு வதைக்கற? உக்காரு சாமி."

"டாக்டரு செய்யச் சொன்னாருங்கக்கா."

"டாக்டருக்கென்ன, அவரு காலா வலிக்குது?"

நான் சிரித்துச் சமாளிப்பேன். மார்கழி கடைசியில் பழம் சிவந்துவிட்டது. சேலத்துக்குப் போய்க் காட்டினேன். யாஸ்மின் பார்த்துவிட்டு, வலது கால் முழுதாகத் தேறவில்லை என்றாலும் பை கனக்காமல் கொஞ்ச நேரம் இறங்கலாம், ஆனால் இரண்டு பக்கமும் மாறி மாறி நிற்க வேண்டும், வலது காலைப் பள்ளக் காலாகவும் பழக்கியே ஆக வேண்டும் என்று அனுமதி கொடுத்தாள்.

முதல் நாள் இறங்கியபோது அக்கா வழக்கம்போல் எனக்குப் போகிற வரியைக் காட்டினாள். கடைசிவரை போனேன். வண்டித்தடத்துக்கு ஏறாமல், திரும்புகிற வரியில் வலது காலைப் பள்ளத்தில் வைத்தேன். அக்கா எதிரே வந்து வழியை மறித்தாள். இது அவளுடைய வரி என்றாள். இல்லக்கா, நான் போய்க்கறேன் என்றேன். அவள் விடவில்லை. நானும் விடவில்லை. கடைசியில் அவளைவிட்டு நாலு வரி தள்ளிப் போய்த் தனியாகப் பறித்தேன். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் என் பக்கத்தில் வந்து உட்காரவில்லை.

அன்று சாயங்காலம் அவள் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறாள். "சாந்தாவுக்கு என்கூடப் பறிக்கப் புடிக்கலையாட்ட இருக்குது முருகேசா. ஒடம்பு நல்லாயிருச்சு, இனி நான் எதுக்கு. அவங்கவங்க காட்ட அவங்கவங்க பாத்துக்கலாம்னு சொல்லிரு" என்றாளாம். அவர் வந்து என்னிடம் சொல்லிவிட்டு, "என்ன செய்யலாம்?" என்று கேட்டார். சொல்லாதே என்று சொன்னவரே கேட்டார். எனக்கும் தெரியவில்லை. சொன்னால் அவள் செய்த நன்மையைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி. சொல்லாவிட்டால் அவளையே தள்ளிவிடுகிற மாதிரி. இரண்டில் எது சின்னப் பாவம் என்று யோசித்தும் பிடிபடவில்லை.

மறுநாள் காட்டில் அக்கா தனியாகப் பறித்துக்கொண்டிருந்த வரிக்குப் போய், அவளுக்குக் கீழே நின்றேன். சொல்லிவிட்டேன். எவ்வளவோ சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தேன். ஆனால் சரிவில் வேலை பார்க்கிறவளிடம் இதைச் சுற்றி வளைக்க முடியாது. பாதியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. கை மட்டும் செடியில் பழத்தை உருவிக்கொண்டே இருந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஆஸ்பத்திரியிலயே சொன்னாங்கக்கா."

"அந்த முட்டிக்கடியில சீலைய வெச்சனே, அதுவும் வெச்சிருக்கக் கூடாதா?"

நான் குனிந்து, கீழே விழுந்த பழங்களைப் பொறுக்கினேன்.

"நல்லதுன்னுதான் கண்ணு நெனச்சேன்."

"தெரியுமுங்கக்கா. எனக்குத் தெரியாதா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்தேன். பிடிக்க விட்டாள். பிறகு, "நீ இந்த வரியில வா" என்று எனக்கு இடம்விட்டு, மேல் வரிக்கு ஏறிப் போனாள். அன்றிலிருந்து நாங்கள் பழையபடி சேர்ந்துதான் பறித்தோம். போகிற வரியும் திரும்புகிற வரியும் இருவருக்கும் சமம். தைப் பறிப்பை முடித்தோம். பழத்தை மரத்தோடு விடவில்லை. அக்கா கூலிக்குப் போகவில்லை.

போன மாதம் சேலத்துக்குப் போய் வந்தேன். யாஸ்மின் எல்லாச் சோதனையையும் மறுபடி வைத்தாள். வலது கால் அவள் கையை எதிர்த்து நின்றது. இரண்டு மெஷின்களிலும் முள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றது. மழைநாளில் கொஞ்சம் வலிக்கிறது. அது இருந்துவிட்டுப் போகட்டும் என்றிருக்கிறேன். ஆத்தூர் அம்மாவின் மகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வலிக்கிற காலைப் பொத்திப் பொத்தி வைக்க வேண்டாம். இரண்டு காலையும் யாரிடமாவது சோதித்துப் பார்த்துவிட்டு, அவர்கள் சொல்கிற அளவுக்கு ஊன்றட்டும்.

காலைப் பற்றி எழுத வேண்டியது அதோடு முடிந்தது. ஆனால் நேற்று நடந்ததை எழுதாமல் நிறுத்த மனம் வரவில்லை. மகள் குழந்தையோடு வந்திருக்கிறாள். அக்கா பலாச்சுளை கொண்டுவந்தாள். முன்பெல்லாம் என் வாயில் திணித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். நேற்று வாசலிலேயே நின்றாள். தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கொழந்தைக்கு ஒரு சுளை குடுக்கலாமா கண்ணு? ஒண்ணும் ஆயிராதல்ல?" என்று என்னிடம் கேட்டாள். குழந்தை கையை நீட்டிக்கொண்டு அவளிடம் போனது. நான் தலையாட்டும் வரை அக்கா கொடுக்கவில்லை.